ஜார்கன்: குழூஉக்குறியா, கலைச்சொல்லா?

பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு மருத்துவர் "நெகட்டிவ்" என்கிறார். எதிரே இருப்பவரின் முகம் வாடிவிடுகிறது. கிருமி இல்லை என்று இவர் சொல்ல, ஏதோ கெட்ட செய்தி என்று அவர் எடுத்துக்கொண்டார். 'கிரானிக்' என்ற சொல் இன்னும் மோசம். நெடுநாளாக இருந்துவரும் நோய் என்பதுதான் அதன் பொருள். கேட்பவர் காதில் விழுவதோ 'முற்றிவிட்டது' என்று.

ஒரு தொழிலுக்குள் புழங்கும் இப்படிப்பட்ட சொற்கள் வெளி ஆளிடம் வந்து விழும்போது அவற்றை ஜார்கன் என்கிறார்கள். பழைய பிரெஞ்சில் அதற்குப் பறவைகளின் கீச்சொலி என்று பொருள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அதே பொருள்தான். அப்புறம் புரியாத பேச்சு எல்லாமே ஜார்கன் ஆனது. ஒரு தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசும் சொற்கள் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, இதை வைத்தவர்கள் வெளியே நின்று கேட்டவர்கள். தன் பேச்சைத் தானே கீச்சுக்கீச்சு என்று யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

சரி, தமிழில் என்ன? பலரும் உடனே சொல்வது குழூஉக்குறி. 'குழு' நீண்டு அளபெடுத்தது குழூஉ. குழுவினர் தமக்குள் வைத்துக்கொண்ட குறி. இலக்கண நூலான நன்னூல் இதை இடக்கரடக்கல் (சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது), மங்கலம் (அமங்கலமானதை நல்ல சொல்லால் சொல்வது) ஆகியவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்கில், அதாவது இயல்பான சொல்லை விட்டு இடத்துக்குத் தக்க வேறு சொல்லைச் சொல்லும் வழக்கில், வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது, யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பது, வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பது ஆகியவை இதற்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள். சொல்விளம்பி எனக்கு மிகவும் பிடித்த சொல். உள்ளே போனதும் மனத்தில் இருப்பதையெல்லாம் கக்கவைக்கும் சரக்குக்கு, அடுத்தவருக்குத் தெரியக்கூடாதென்று வைத்த பெயர் அது!

ஆனால் இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். எல்லாருக்கும் தெரிந்த 'பொன்' இருக்கும்போதே பொற்கொல்லர் 'பறி' என்றது, பக்கத்தில் இருப்பவருக்குப் புரியக்கூடாது என்பதற்காக. மருத்துவர் 'நெகட்டிவ்' என்பது மறைப்பதற்கு அல்ல. நாள் முழுக்க அப்படியே பேசிப் பேசி, அது மற்றவருக்குப் புரியாத சொல் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது. ஆகவே வேண்டுமென்றே மறைக்கும் பேச்சுக்குத்தான் குழூஉக்குறி கச்சிதமாகப் பொருந்தும்.

கலைச்சொல் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது பாராட்டுச் சொல் மாதிரி ஆகிவிடுகிறது. ஜார்கன் என்பதில் உள்ள சலிப்பு அதில் இல்லை. இரண்டு மருத்துவர்கள் பேசிக்கொள்ளும்போது 'கிரானிக்' கலைச்சொல். அதே சொல் விளக்கமில்லாமல் நோயாளியிடம் வரும்போதுதான் ஜார்கன்.

உண்மையில் இந்தச் சலிப்புக்கு நம் பேச்சில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: பாஷை. "வக்கீல் பாஷையில பேசாதீங்க", "டாக்டர் பாஷை நமக்கு எங்க புரியுது" என்பதெல்லாம் ஜார்கன் மேல் வைக்கும் புகார்தான். பாஷை வடசொல்லாயிற்றே என்பவர்கள் 'வக்கீல் மொழி' என்று எழுதிப் பார்க்கலாம். பொருள் நிற்கும், ஆனால் அந்த அலுப்பு போய்விடும். நான் கட்டுரையில் 'துறைச்சொல்' என்று எழுதுகிறேன், பேச்சில் 'பாஷை' என்கிறேன். குழூஉக்குறியைப் பொற்கொல்லருக்கே விட்டுவிட்டேன்.