படுத்தாலும் ஆறாத களைப்பு: புற்றுநோய் வந்த முதியவர்களுக்கு வீட்டில் செய்யக்கூடியவை

கிளினிக்கில் நோவைச் சொல்வார்கள், வாந்தியைச் சொல்வார்கள். களைப்பை மட்டும் "வயசு போனா அப்படித்தான்" என்று தங்களுக்குள்ளேயே முடித்துவிடுவார்கள். புற்றுநோய்க் களைப்பு ஓர் இரவு தூங்கினால் தீர்வதில்லை. கீமோ ஏற்றிய அடுத்த சில நாட்களில் கூடி, மறு மருந்துக்கு முன் கொஞ்சம் தணியும். கதிர்வீச்சில் வாரத்துக்கு வாரம் ஏறி, சிகிச்சை முடிந்த பிறகும் வாரக்கணக்கில் நிற்கும்.

எனவே களைப்பே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10 என்று வைத்து, ஓர் எண் கேட்டு, தினமும் ஒரே நேரத்தில் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். 4க்குக் குறையாமல் நின்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தச்சோகை, தைரொய்ட் குறைவு, மனச்சோர்வு எல்லாம் அவர் தேடுவார். வீட்டாருக்கு மட்டும் தெரிவது ஒன்றிருக்கிறது: சாப்பாடு பாதியாகி, உடம்பும் மெலிந்திருக்கும், பிரஷர், சீனி மாத்திரைகள் மட்டும் பழைய அளவிலேயே போகும். எழும்பும்போது தலைசுற்று, பசி நேரத்தில் வியர்வை, கைநடுக்கம் என்றால் அந்த மாத்திரைகளின் அளவு இப்போது கூடிப்போயிருக்குமோ என்று சந்தேகியுங்கள். நீங்களாக நிறுத்தாமல், எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பாமசியில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். எல்லா இரத்தச்சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை.

பிள்ளைகள் பாசத்தால் செய்யும் தவறு, கட்டிலிலேயே வைத்திருப்பது. முதுமையில் படுக்கை தசையைச் சீக்கிரம் கரைக்கும். பிறகு கழிவறைக்கு எழும்புவதே பெரும் பாரமாகிவிடும். வளவுக்குள் 5 நிமிடம், காலையும் மாலையும் நடக்கட்டும்; நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாவிட்டால் பரவாயில்லை. தாங்கினால் வாரத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூட்டலாம். ஒன்றுவிட்டு ஒருநாள், சுவரோடு அண்டி வைத்த உறுதியான கதிரையில் இருந்து எழும்பி இருப்பது 5 தடவை. ஆறிவிட்டு இன்னொரு 5. கை ஊன்றாமல் எழும்ப ஏலாவிட்டால் ஊன்றட்டும். கச்சான் வீசும் மாதங்களில் வெயில் ஏறுமுன்பே நடையை முடித்துவிடுங்கள். மாரியில் விறாந்தை போதும்.

நல்ல நாள் ஒன்று வந்தால் முற்றம் கூட்டி, உடுப்புத் தோய்த்து, கறியும் வைத்துவிட்டு இரண்டு நாள் படுத்துவிடுவார்கள். வீட்டார் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இதுதான். கிணற்றில் அள்ளுவதை வேறொருவர் செய்யட்டும், குளிப்பது கதிரையில் இருந்தபடி. தொழுகையும் கதிரையில் முடியும். வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ மட்டக்களப்புக்கு பஸ்ஸில் கிளினிக் வந்து போகும் நாளில் அந்தப் பயணமே அன்றைய வேலை. வேறு வேலை வைக்காதீர்கள். பகல் தூக்கம் அரை மணித்தியாலத்துக்குள் இருந்தால் இரவுத் தூக்கம் கெடாது.

சாப்பாட்டைச் சிறு சிறு அளவாக ஐந்தாறு தடவை கொடுங்கள். முட்டை, மீன், பயறு எல்லாம் நன்றாக வேகட்டும். வாய்ப் புற்றுநோய்க்காரருக்குச் சொதியில் குழைத்த சோறு இறங்கும். விழுங்கும்போது இருமினால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எலும்புக்குப் பரவியிருந்தால், எந்தப் பயிற்சிக்கும் முன் இயன் மருத்துவரை (பிசியோதெரபிஸ்ட்) கேளுங்கள். புதிதாக முதுகு நோவோடு கால் பலம் குறைந்தாலோ சிறுநீர் போகாவிட்டாலோ அன்றே வைத்தியசாலை. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்; இரவென்றாலும் ஓட்டோ பிடித்துக் கிளினிக் கொப்பியோடு புறப்படுங்கள்.