வியட்நாம் போரில் இறந்த சிப்பாய்: சுவரில் பெயருக்கு ஒரு விதி, குடும்பத்துக்கான பணத்துக்கு வேறு விதி

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச்சுவரில், அந்தப் போரில் இறந்த அல்லது காணாமல் போன 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தரைப்படையையும் மரைன் படையையும் சேர்ந்தவர்கள்; காட்டுக்குள் நடந்தே போய்ச் சண்டையிட்ட காலாட்படைச் சிப்பாய்கள் அவர்களில் ஏராளம். இந்தச் சுவரில் ஒருவர் பெயர் வருவதற்குத் தனி விதி இருக்கிறது. அவர் மனைவிக்கு மாதாமாதம் அரசு தரும் தொகைக்கு வேறு விதி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சுவரில் இடம் மறுக்கப்பட்ட குடும்பத்துக்கும் பணம் பெறும் உரிமை இருக்கலாம்.

சுவரில் பெயர்

சுவரைக் கட்டியது அரசுப் பணம் அல்ல, நன்கொடை. 1982 நவம்பர் 13 அன்று திறக்கப்பட்டபோது 57,939 பெயர்கள் இருந்தன. அதன்பின் முந்நூறுக்கும் மேல் சேர்ந்துள்ளன. இறந்தவர் எந்தப் படையில் இருந்தாரோ அந்தப் படைப்பிரிவிடம்தான் குடும்பம் விண்ணப்பிக்க வேண்டும். பாதுகாப்புத் துறை வகுத்த அளவுகோலின்படி படைப்பிரிவு முடிவு செய்யும். பெயரைப் பொறிக்கும் வேலையைச் சுவரை எழுப்பிய அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும்.

அந்த அளவுகோலில் முதலில் பார்ப்பது இடம். வியட்நாம், லாவோஸ், கம்போடியா, அவற்றை ஒட்டிய கடற்பகுதி ஆகியவை சேர்ந்ததே போர் மண்டலம். அதற்குள் இறந்தவர் குண்டடிபட்டுத்தான் இறந்திருக்க வேண்டும் என்பதில்லை. மலேரியாவில் இறந்தாலும், ஆற்றைக் கடக்கும்போது மூழ்கினாலும், வண்டி கவிழ்ந்தாலும் பெயர் உண்டு. மண்டலத்துக்கு வெளியே இறந்தவருக்கு, மண்டலத்துக்குள் பட்ட போர்க்காயம் சாவுக்குக் காரணமாக இருக்க வேண்டும்; அல்லது மண்டலத்துக்குள் தாக்கப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ அவர் இறந்திருக்க வேண்டும். கண்ணிவெடியில் கால் போய், ஜப்பானில் இருந்த ராணுவ மருத்துவமனையில் உயிர்விட்டவர் இப்படித்தான் இடம்பெறுகிறார். காயம் பட்டுப் பல ஆண்டு கழித்து இறந்தவரும், அந்தக் காயத்தால்தான் இறந்தார் என்று மருத்துவ ஆவணம் காட்டினால் தகுதி பெறுவார்.

மண்டலத்தின் கடல் எல்லை வந்த வழியைச் சொல்ல வேண்டும். 1965 ஏப்ரலில் அதிபர் ஜான்சன் பிறப்பித்த ஆணையில் அது வரையறுக்கப்பட்டது. படையினருக்கு வருமான வரிச் சலுகை தருவதற்காக எழுதிய ஆணை அது. 1969 ஜூன் 3 அன்று தென்சீனக் கடலில் போர்ப்பயிற்சியின்போது ஃப்ராங்க் ஈ. எவன்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வேறொரு கப்பலுடன் மோதி இரண்டாக உடைந்து 74 மாலுமிகள் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புவரை வியட்நாம் கரையில் இருந்த தரைப்படைக்காகப் பீரங்கிச் சூடு நடத்திய கப்பல் அது. விபத்து நடந்த இடம் கோட்டுக்கு வெளியே என்பதால் அந்த 74 பெயர்களும் சுவரில் இல்லை. வரிக்காகப் போட்ட கோடு சாவுக்கும் கோடாக இருப்பது நியாயம் இல்லை என்பதே என் கருத்து.

ஆனால் விதி மாறாதது அல்ல. 1956-ல் சைகானில் சக அமெரிக்கர் ஒருவரால் கொல்லப்பட்ட விமானப்படை சார்ஜன்ட் ஒருவரின் பெயர், போரின் தொடக்கத் தேதி பிந்தியதாக இருந்ததால் வெகுகாலம் விடுபட்டிருந்தது. மரைன் படையில் சேர்ந்து 1965-ல் இறந்த அவர் மகனின் பெயர் மட்டும் சுவரில் இருந்தது. குடும்பம் விடாமல் கேட்டது. தொடக்கத் தேதி 1955 நவம்பர் 1 என்று முன்னுக்கு நகர்த்தப்பட்டு, 1999-ல் தந்தையின் பெயரும் ஏறியது.

பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறிக்கும் பொருள் உண்டு. வைரக் குறி என்றால் மரணம் உறுதி. சிலுவை போன்ற குறி என்றால் சுவர் எழும்பியபோது இன்னும் காணாமல் போனவராகவே இருந்தவர். காட்டில் எலும்பு கிடைத்து அடையாளம் தெரிந்தால் சிலுவைமேல் வைரம் பொறிப்பார்கள்.

மாதத் தொகை

அடர்ந்த காட்டில் எதிரி மறைய இலை இருக்கக் கூடாது என்று 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் களைக்கொல்லி தெளித்தன. அதில் ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற நச்சுக் கலவைதான் அதிகம். அந்தக் காட்டில் நடந்த சிப்பாய்கள் பலர் ஊர் திரும்பி, பின்னாளில் புற்றுநோயால் இறந்தார்கள். சுவரின் விதி இந்தச் சாவுகளை ஏற்பதில்லை.

முன்னாள் படைவீரர் துறை ஏற்கிறது. படைப்பணியின் விளைவாக இறந்தவரின் மனைவி அல்லது கணவருக்கு அது தரும் இழப்பீடு 2024 டிசம்பர் முதல் மாதம் 1,653.07 டாலர் என்று இருந்தது. விலைவாசியை ஒட்டி ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. சண்டையில் இறந்தாரா நோயில் இறந்தாரா என்பதால் அடிப்படைத் தொகை மாறாது; 1993-க்கு முன் இறந்தவர் உயர் பதவியில் இருந்திருந்தால் மட்டும் தொகை கூடும். 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரையிலான காலத்தில் வியட்நாம் மண்ணில் கால் வைத்திருந்தாலே போதும், நஞ்சு பட்டது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். குடும்பம் அதை நிரூபிக்க வேண்டியதில்லை. நுரையீரல், புராஸ்டேட் புற்றுநோய்கள், இரண்டாம் வகை நீரிழிவு, இதய ரத்தக்குழாய் அடைப்பு, பார்க்கின்சன் எனும் நடுக்க நோய் முதலியவை பட்டியலில் உள்ளன. 2022-ல் உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்தது.

இந்தக் கடைசி மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். முன்பு மறுக்கப்பட்ட குடும்பங்கள் புதிய பட்டியலைக் காட்டி மீண்டும் கேட்கலாம். முக்கியமான தாள் இறப்புச் சான்றிதழ்: பட்டியலில் உள்ள நோய் சாவுக்கு முதல் காரணமாகவோ துணைக் காரணமாகவோ அதில் எழுதப்பட்டிருந்தால் வழி எளிது. "இதயம் நின்றது" என்று மட்டும் எழுதி, பல ஆண்டு இருந்த நோயை விட்டிருந்தால், சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கடிதம் வாங்கி இணைப்பது நல்லது. கூடவே பணி விடுவிப்புச் சான்றும் திருமணச் சான்றும் வேண்டும். மறுமணம் செய்தவர்கள் தானாக உரிமை இழந்ததாக நினைக்க வேண்டாம். 2021 ஜனவரி 5 அன்றோ அதற்குப் பின்போ, 55 வயதிலோ அதற்கு மேலோ மறுமணம் செய்தவருக்குத் தொகை தொடரும்.

முதல் விண்ணப்பத்தை எழுதித் தர யாரும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். அங்கீகாரம் பெற்ற படைவீரர் சங்கங்கள் இலவசமாகவே செய்து தருகின்றன.