'எங்கள் பணியாளர்கள்' பக்கத்தில் யாருடைய முகம்?

இணையத்தளம் செய்து தரச்சொல்லி வருகிற முதலாளிமார் முகப்புப் பக்கத்தின் நிறத்துக்காக ஒரு கிழமை சண்டை பிடிப்பார்கள். சின்னம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதற்கு இன்னும் இரண்டு நாள் போகும். 'எங்கள் பணியாளர்கள்' பக்கத்துக்கு வந்ததும், "அதற்கு ஏதாவது படத்தைப் போட்டுவிடுங்கள் தம்பி" என்று எழும்பிப் போய்விடுவார்கள். கிளிநொச்சியில் இருந்துகொண்டு பதினொரு வருடமாக இந்தத் தொழிலைச் செய்கிறேன். வேலை முடிந்து காசும் வாங்கிய பிறகு எனக்குத் தலையிடி தந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை அந்தக் கடைசிப் பக்கத்தால் வந்தவைதான்.

முதலில் அந்த 'ஏதாவது படம்'. ஏ9 வீதியோரத்து அரிசி ஆலை ஒன்றின் பழைய தளத்தில், காதில் கருவி மாட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் கோட் போட்ட நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆலைக்குள் போனால், சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் களத்தில் காய்கிற நெல்லில் நாலு மணியை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்து நறுக்கென்று கடித்துப் பார்க்கிறார். மணி உடைகிற விதத்திலேயே அவருக்குக் கணக்குத் தெரிந்துவிடுகிறது. "இன்னும் ஒரு வெயில் வேண்டும்" என்கிறார். அவர் சொல்லுக்கு மேல் அந்த ஆலையில் யாரும் நெல்லை அள்ளுவதில்லை. ரொறன்ரோவில் கடை வைத்திருக்கிறவர் மொட்டைக்கறுப்பன் அரிசி தேடி அந்தத் தளத்துக்கு வந்தால், யாரைக் கண்டு நம்புவார்? கோட் போட்ட நாலு பேரையா?

பெரியவரின் படத்தின் கீழ் 'உற்பத்தி உதவியாளர்' என்று எழுதச் சொன்னார் முதலாளி. நான் 'நெல்லின் காய்ச்சல் பதம் பார்ப்பவர்' என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுதானே அவர் செய்கிற வேலை" என்றார். பதவிப் பெயர் சம்பளப் பட்டியலுக்குத்தான். தளத்தில் எழுத வேண்டியது அந்த ஆளின் கை தெரிந்த வேலையை.

இதை நான் கற்றுக்கொண்டது நன்றாக அடிபட்ட பிறகு. பனையோலைப் பொருள் செய்கிற சிறிய நிறுவனம் ஒன்றுக்கு என் ஆரம்ப காலத்தில் தளம் செய்து கொடுத்தேன். 'போரினால் கணவரை இழந்த பெண்களின் கைவண்ணம்' என்று அவர்கள் தந்த வாசகத்தை ஆறு பெண்களின் படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் போட்டேன். வெளிநாட்டில் விற்கும் என்றார்கள், நானும் யோசிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த ஆறு பேரில் ஓர் அக்கா என் கடைக்கே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "தம்பி, ஒரு பெட்டியை மூடியோடு இழைத்து முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் என்று தெரியுமா? அதை ஏன் எழுதவில்லை? என் மகன் பள்ளிக்கூடத்தில் இதைக் காட்டுகிறார்களாம்" என்றார். இன்னொன்றும் சொன்னார். அவருடைய கணவர் 'இழந்தவர்' இல்லை, காணாமற்போனவர். அந்த அக்கா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு சொல்லால் நாங்கள் அவருடைய தேடலை முடித்து வைத்துவிட்டோம்.

2009இல் முகாம்களில் இருந்த காலம் தொட்டே எங்கள் சனம் கமராவை நிறையப் பார்த்துவிட்டது. தறப்பாள் கூடாரத்தின் முன்னால் நிற்கவைத்து, உலர் உணவுப் பொதியைக் கையில் கொடுத்து எடுத்த படங்கள் அவை. யாரும் கேட்டு எடுக்கவில்லை, எடுத்ததைக் காட்டவும் இல்லை. இன்று அதே பெண் சம்பளத்துக்கு வேலை செய்கிற இடத்திலும் படம் எடுக்கப் போகிறோம் என்றால், அவர் மனதில் எந்தப் படம் ஓடும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு என் படிவத்திலிருந்து திரு, திருமதி, செல்வி என்ற பெட்டியையே எடுத்துவிட்டேன். அந்தப் பெட்டியில் பேனை நின்றுவிடுகிற பெண்கள் வன்னியில் பலர். பெயர் போதும்.

கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? முதலாளி பக்கத்தில் நிற்க, "உங்கள் படத்தைப் போடலாம்தானே?" என்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? அது சம்மதம் இல்லை, மரியாதைக்குத் தலையாட்டுவது. தேநீர் நேரத்தில் தனியாக இருந்து கேட்கிறேன். பக்கம் எப்படி இருக்கும் என்பதை என் தொலைபேசியில் காட்டுகிறேன். வேண்டாம் என்றால் காரணம் கேட்பதில்லை. முதலாளியிடம் "வெளிச்சம் சரியாக வரவில்லை" என்று நானே சொல்லிவிடுவேன். இந்தப் பொய்யைப் பல தடவை சொல்லியிருக்கிறேன், வெட்கமில்லை. ஒருவருக்குக் கடன் நெருக்கடி இருக்கலாம். வீட்டில் ஆளைப் பிடிக்க முடியாத கடன் வசூலிப்பாளர் ஒருவர், தளத்தில் படத்தைப் பார்த்துவிட்டு வேலைத்தல வாசலுக்கே வந்து நின்ற கதை எனக்குத் தெரியும். இன்னொருவர் அடிக்கிற கணவனிடமிருந்து விலகி வேறு ஊரில் வந்து இருக்கலாம். இதையெல்லாம் படிவத்தில் எழுதமாட்டார்கள். முகம் வேண்டாம் என்பவருக்கு ஓலை இழைக்கிற கைகளை மட்டும் எடுக்கலாம். சொல்லப்போனால், அந்தப் படங்கள்தான் அழகாக வருகின்றன.

இனி, நல்ல மனதோடு செய்கிற ஆபத்துகள். நிறுவன அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படம் எடுப்பது பலருக்குப் பெருமை. அந்த அட்டையில் தேசிய அடையாள அட்டை இலக்கமும் அச்சிட்டிருக்கும். இப்போதைய தொலைபேசிகள் எடுக்கிற படத்தைப் பெருப்பித்தால் அது துல்லியமாகத் தெரியும். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த மூன்றோடு 500 கூட்டியிருக்கும். எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றுதான் கணக்கு. 85561 என்று தொடங்கினால், 1985 மார்ச் 1ஆம் திகதி பிறந்த பெண். 12 இலக்கப் புதிய அட்டையிலும் அதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் நான்கு எண்ணாக இருக்கும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைக்கிற கள்ளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அட்டையைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

கணக்காளரின் பெயர், அவருடைய சொந்தக் கைத்தொலைபேசி இலக்கம், மேலே முகாமையாளரின் தெளிவான படம். இவை மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். முகாமையாளரின் படத்தை எடுத்துப் புதிய வட்ஸ்அப் இலக்கமொன்றில் போட்டுக்கொண்டு, "கூட்டத்தில் இருக்கிறேன், இந்தக் கணக்குக்கு உடனே காசு போட்டுவிடுங்கள்" என்று எழுதினால் போதும். பொது இலக்கம் ஒன்றையும் பொது மின்னஞ்சல் ஒன்றையும் தவிர வேறெதையும் நான் போடுவதில்லை.

விலகிப் போனவர்களின் கதை தனி. வேலையை விட்டு மூன்று வருடமான ஒருவர், புதிய இடத்தில் "இன்னும் அங்கேதானே இருக்கிறீர்?" என்று கேட்கிறார்கள் என்று என்னிடம் முறையிட்டார். பழைய முதலாளிக்குத் தளத்தின் கடவுச்சொல்லே மறந்துவிட்டது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவர் தந்த சம்மதத்தை அவரே திரும்ப எடுத்துக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். முகம் தெரியும் படமும் பெயரும் தனிப்பட்ட தரவுதான். ஆனால் சட்டம் பேசுகிற அளவுக்குப் போவானேன்? சம்பளப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிற அன்றே தளத்திலிருந்தும் எடுப்பது என்று ஒரு வரி எழுதி வைத்தால் முடிந்தது. எடுத்த பிறகும் கூகுள் தேடலில் படம் சில நாள் தங்கும், வேறு யாராவது சேமித்தும் வைத்திருக்கலாம். இதைச் சம்மதம் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

தொழில்நுட்பம் கொஞ்சம். பெயர்ப் பட்டியலைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அனுப்பாதீர்கள். தளத்தில் அது தமிழாக வராது, ஆங்கில எழுத்துகளின் குப்பையாக நிற்கும். ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பிறகும் ஒவ்வொரு பெயரையும் உரியவரிடம் வாசிக்கக் கொடுங்கள். பெயரில் பிழை விட்டுவிட்டு மரியாதை செய்தோம் என்று சொல்ல முடியாது. வன்னி வெயிலில் பதினொரு மணிக்கு மேல் முற்றத்தில் எடுத்தால் கண் இரண்டும் கரிக்குழியாக விழும். காலையில் எடுங்கள், அல்லது விறாந்தை நிழலில் எடுங்கள்.

அரிசி ஆலைப் பெரியவரிடம் பக்கத்தைக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் படத்தை வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இது இதற்குள்ளே இருந்து என்ன? எனக்குக் கடதாசியில் ஒன்று தருவீரோ?" என்றார். கலியாணப் படம், பிள்ளைகள் சின்னனாக இருந்த படம், எல்லாம் ஓடிவந்த வழியில் போய்விட்டன. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு அவருடைய படம் ஒன்றுகூட இல்லை.

அன்றிலிருந்து என் விலைக்கூற்றில் 'ஆளுக்கொரு அச்சுப் பிரதி, 8க்கு 10 அங்குலம்' என்று ஒரு வரி இருக்கிறது. விலை பேசும்போது முதலாளிமார் முதலில் வெட்டப் பார்ப்பது அந்த வரியைத்தான். வேறு எதிலாவது குறைத்துக் கொடுப்பேன், அதில் குறைப்பதில்லை.