நான்கு மில்லிவோல்ட்டும் ஒரு வளைகோடும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தாத்தா சேர்த்து வைத்த இசைத்தட்டுகள் இருக்கின்றன. டர்ன்டேபிள் வாங்கிவிட்டேன். ஃபோனோ வசதியுள்ள வால்வு பிரீஆம்ப் வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?" புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தையில் பழைய பொருள்களைக் கிளறும் பலருக்கும் இந்தக் கேள்வி எழுந்திருக்கும்.

பிரீஆம்ப் என்பது நுண்ணிய மின்சைகையை முதலில் பெருக்கும் கருவி; ஃபோனோ வசதி என்பது அதில் இசைத்தட்டுக்கென உள்ள பகுதி. பெருக்கும் வேலையைச் செய்வது வால்வு என்னும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய். அது செய்யும் வேலை எளியது. சூடேறிய எதிர்மின்வாயான கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள், 200 வோல்ட்டுக்கும் மேல் நேர்மின்னழுத்தம் கொண்ட தகட்டை நோக்கி வெற்றிடத்தில் பாய்கின்றன. இடையே ஒரு கம்பிவலை. அதன் மின்னழுத்தம் சற்றே மாறினால் தகட்டு மின்னோட்டம் பெரிதாக மாறும். லீ டி ஃபாரஸ்ட் 1906இல் இந்த வலையைச் சேர்த்தார். இன்று பிரீஆம்புகளில் அதிகம் காணப்படும் 12ஏஎக்ஸ்7 வால்வில் இப்படி இரண்டு அமைப்புகள் ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன.

முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் பாகம் கார்ட்ரிட்ஜ். அதில் நகரும் காந்த வகை தருவது 4 மில்லிவோல்ட் அளவே. அதை 250 மடங்கு பெருக்கினால் 1 வோல்ட் கிடைத்துவிடும். ஆனால் பெருக்கினால் மட்டும் இசை வராது. மெலிந்த, கீச்சென்ற ஓசைதான் வரும். ஏனெனில் இசைத்தட்டில் பாட்டு உள்ளபடி செதுக்கப்படவில்லை; வேண்டுமென்றே மாற்றிச் செதுக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

காந்த கார்ட்ரிட்ஜின் மின்னழுத்தம் முள் அசையும் வேகத்தைப் பொறுத்தது. அதே வேகத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிய, 1,000 ஹெர்ட்ஸுக்குத் தேவையானதைப் போல 20 மடங்கு அகலமாகப் பள்ளம் வளைய வேண்டும். பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். தட்டில் பாட்டுக்கு இடமும் போதாது. எனவே செதுக்கும்போதே தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கிறார்கள். உயர்ந்த ஒலிகளையோ கூட்டுகிறார்கள். கேட்கும்போது அவற்றைக் குறைத்துச் சமன்செய்கையில், முள் உராயும் இரைச்சலும் கூடவே அடங்கிவிடும். ஒலி சிதையவில்லை, இரைச்சல் மட்டும் குறைகிறது!

திருப்பிச் சரிசெய்ய வேண்டிய அளவை 1954இல் ஆர்ஐஏஏ (அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம்) வளைகோடாக வகுத்தார்கள். 1,000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால், 20 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 9 மடங்கு உயர வேண்டும். 20,000 ஹெர்ட்ஸ் அதே அளவு தாழ வேண்டும். இவ்வளவையும் செய்து முடிப்பவை சில மின்தடைகளும் மின்தேக்கிகளும்தான். மின்தடையின் அலகான ஓமை மின்தேக்கியின் அலகான ஃபாரடால் பெருக்கினால் நொடி வரும். 75 கிலோ ஓமும் 1 நானோ ஃபாரடும் சேர்ந்தால் 75 மைக்ரோ நொடி. அது இந்த வளைகோடு திரும்பும் இடங்களில் ஒன்று. மற்ற இரண்டும் 318, 3,180 மைக்ரோ நொடிகள். மூன்று கால அளவுகளுக்குள் ஒரு முழு வளைகோடு அடங்கிவிடுகிறது. கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் மாணவர்கள் இதைத் தாங்களே அமைத்துக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

வாங்குபவர் கவனிக்க வேண்டியதும் இங்கிருந்தே பிறக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வளைகோடு அந்த இடத்தை ஏறத்தாழ 7 மடங்கு உயர்த்துகிறது. எங்கிருந்தாவது நுழையும் சிறு ரீங்காரமும் அதோடு பெருகும். ஆகவே வால்வின் கேத்தோடைச் சூடாக்கும் இழை நேர்மின்னோட்டத்தில் (டிசி) சூடாகிறதா என்று கேளுங்கள். கடையில் தட்டு சுழலாமல், முள்ளைத் தூக்கி வைத்து, ஒலியளவைக் கூட்டிக் கேளுங்கள். வால்வைச் சூழ்ந்த ஒளியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சில மலிவான கருவிகளில் அந்த ஒளி வால்வுக்கு அடியில் பொருத்திய எல்இடியிலிருந்து வருகிறது.

ஆர்ஐஏஏ விலகல் அரை டெசிபெல்லுக்குள் இருந்தால் நல்லது. உள்ளீட்டு மின்தடை 47 கிலோ ஓம் இருக்க வேண்டும். உங்கள் கார்ட்ரிட்ஜ், காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் அசையும் நகரும் சுருள் வகையாக இருந்தால் அதன் வெளியீடு அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கக்கூடும். வால்வின் சொந்த இரைச்சல் மேலோங்காமலிருக்க, முன்னால் மின்னழுத்தத்தை உயர்த்தும் மின்மாற்றி போன்ற ஒன்று தேவை.

ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் மின்கம்பியை மாற்றினால் குரலுக்கு உயிர் வரும் என்பதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். அந்தப் பணத்தில் புதிய முள் வாங்கலாம். கடற்காற்றின் உப்பு வால்வின் கால்களையும் இணைப்புத் துளைகளையும் அரிக்கும். வால்வுகள் வெளியே நிற்கும் கருவியாக இருந்தால் அவற்றை அவ்வப்போது துடைப்பது மெய்யாகவே பலன் தரும். துடைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஆனால் கருவியின் மூடியைத் திறக்க வேண்டாம். துண்டித்த பின்னும் உள்ளே மின்தேக்கிகளில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

தாத்தாவின் தட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுகளாக இருந்தால், அவற்றுள் பெரும்பாலானவை 1954க்கு முந்திய வேறு வேறு வளைகோடுகளில் செதுக்கப்பட்டவை. அவற்றின் பள்ளமும் அகலமானது. அதற்கேற்ற தடித்த முள்ளும், வளைகோட்டை மாற்றும் சுவிட்ச் உள்ள பிரீஆம்பும் தேடுங்கள்.