டயரின் காற்றழுத்தம் பார்த்தீர்கள், குழந்தை இருக்கையை அசைத்துப் பார்த்தீர்களா?

கடந்த சனிக்கிழமை டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு குடும்பம் பட்டறைக்கு வந்தது. பள்ளி விடுமுறையில் சானி கணவாய் என்ற மலைப்பாதையில் ஏறி, பக்கத்து நாடான லெசோத்தோவில் பனி பார்க்கப் போகிறார்களாம். வண்டிக்குக் கூரைத் தட்டு வேண்டும். வண்டிக்காரத் தம்பி அரை மணி நேரம் டயரைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். சரளையில் எவ்வளவு காற்று, ஈரப் பாறையில் எவ்வளவு, எங்கே நிறுத்தி மறுபடி ஏற்றுவது. நல்ல கேள்விகள்தாம். பதில் சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்து, இரண்டு வயதுப் பையனின் இருக்கையை ஒரு கையால் தள்ளினேன். தேர் அசைவதுபோல் அசைந்து கதவில் இடித்தது.

"கொஞ்சம் ஆடும் அண்ணன். மலையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில்தானே போகப்போகிறோம்?" என்றார்.

கூட வந்த ஆயா ஒரு படி மேலே போனார். "மேடு வந்தால் நான் மடியில் வைத்துக்கொள்வேன். அதில் உட்கார வைத்தால் அழுகிறான்."

இந்த மாதம் மட்டும் இப்படி நான்காவது வண்டி. அதனால்தான் எழுதுகிறேன். டர்பனில் பதினேழு ஆண்டுகளாகப் பக்கிகளுக்கும் நாலு சக்கர இழுவை வண்டிகளுக்கும் உபகரணம் பொருத்துவது என் தொழில். (தமிழ்நாட்டு வாசகர்கள் சிரிக்க வேண்டாம். பின்னால் சரக்குத் தட்டு உள்ள வண்டிக்கு இந்த ஊரில் பக்கி என்றுதான் பெயர்.)

முதலில் அந்த இருபது. சானியில் இருபதில் போவீர்கள், ஒப்புக்கொள்கிறேன். சானியின் அடிவாரத்துக்கு எப்படிப் போவீர்கள்? டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் 120ஐத் தொட்டுக்கொண்டு, பிறகு அண்டர்பெர்க் வரை வளைந்து வளைந்து போகும் ஒற்றைச் சாலையில், எதிரே மரம் ஏற்றிய லாரிகளைப் பார்த்துக்கொண்டு. பயணத்தில் பெரும்பகுதி அதுதான். கணவாய் கடைசியில் வருவது.

அடுத்து, என்னை மிகவும் எரிச்சலூட்டும் பேச்சு: "பெரிய வண்டி, உறுதியான வண்டி, ஒன்றும் ஆகாது." இதைச் சொல்லாத வாடிக்கையாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. வண்டி உறுதியானதுதான், அடியில் இரும்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தோடு உங்கள் குழந்தையைக் கட்டியிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி வண்டி நின்றால் வண்டிதான் நிற்கும். கட்டாத குழந்தை அதே ஐம்பதில் முன்னே போய்க்கொண்டிருக்கும். ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்துக் கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஆயாவின் கைகள் சுமார் 140 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும். ஐம்பது கிலோ அரிசி மூட்டை மூன்றுக்குச் சற்றுக் குறைவு. பாசம் வேறு, பலம் வேறு ஆயா. போதாததற்கு இவை உயரமான வண்டிகள், சரளைச் சாலையில் சறுக்கினால் புரளும். புரளும் வண்டியில் மடி என்று ஒன்று கிடையாது.

இனி சாலை விதிச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி. 2015 ஏப்ரல் 30 முதல் தென்னாப்பிரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைக் காரில் குழந்தை இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும். அதற்காக மூன்று வயது முடிந்த மறுநாள் இருக்கையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஒன்றரை மீட்டர் உயரம் வரும்வரை, பெரியவர்களின் பெல்ட் குழந்தையின் கழுத்திலும் வயிற்றிலும்தான் கிடக்கும். குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை (பூஸ்டர்) ஒன்று வேண்டும்.

இனி அந்தத் தம்பியின் வண்டிக்கு வருவோம். இருக்கை ஏன் ஆடியது? வண்டியின் சீட்டுக்குப் போட்ட கேன்வாஸ் உறை. இந்த நாட்டில் பக்கி வாங்கிய அன்றே கேன்வாஸ் உறை போடாதவர் இல்லை. நானே விற்கிறேன், ஆகவே என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன். உறையின் கீழே ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இரண்டும், அதாவது குழந்தை இருக்கையின் பிடிகளை நேராக மாட்ட வண்டியிலேயே பதித்த கம்பிகள், புதைந்து கிடந்தன. இருக்கையின் பிடி ஒரு பக்கம்தான் மாட்டியிருந்தது. மறுபக்கம் துணி மடிப்பைக் கவ்விக்கொண்டு, மாட்டியது போலவே தெரிந்தது. 'டக்' என்ற சத்தத்தை நம்பாதீர்கள், இரண்டு பக்கமும் பச்சைக் குறி தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். குழந்தை இருக்கை வைக்கும் இடத்தில் உறையைக் கழற்றிவிடுங்கள். பால் சிந்தும், பிஸ்கட் நொறுங்கும், சிந்தட்டும்.

இருக்கைக்கு மேலிருந்து வரும் வார், அதாவது டாப் டெதர், தலைசாய்ப்பின் கம்பியில் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. முன்நோக்கி வைக்கும் இருக்கையில் இந்த வார் இல்லாவிட்டால், மோதும்போது தலை பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கூடுதலாக முன்னே பாயும். டபுள் கேப்பில், அதாவது பின்சீட்டும் உள்ள பக்கியில், முன் சீட்டுக்கும் குழந்தைக்கும் இடையே அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது? பல டபுள் கேப்களில் இந்த வாரை மாட்டும் இடம் பின்சீட்டின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், சீட்டை முன்னே மடித்தால்தான் தெரியும். எஸ்யூவிகளில் இன்னொரு கூத்து: சரக்கைக் கட்டும் வளையத்தில் வாரை மாட்டிவிடுகிறார்கள். அது குளிர்பெட்டியைக் கட்டுவதற்கானது. வண்டியின் கையேட்டைப் பாருங்கள், அந்தப் புத்தகம் டாஷ்போர்டு பெட்டியில் பிரிக்காமலே கிடக்கும்.

ஐசோஃபிக்ஸ் இல்லாத பழைய வண்டியா? கவலை வேண்டாம், சீட் பெல்ட்டால் ஒழுங்காகக் கட்டினால் போதும். முழங்காலை இருக்கையில் ஊன்றி உடல் எடையைக் கொடுத்து பெல்ட்டை இழுங்கள். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. குழந்தையின் தோள் வாரை விரல்களால் கிள்ள முடிந்தால் அது தளர்வு.

சானி உச்சி 2,876 மீட்டர், குளிரும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பஞ்சு வைத்த தடித்த ஜாக்கெட்டைப் போட்டு அதன் மேல் வாரை மாட்டாதீர்கள். மோதும்போது பஞ்சு நசுங்கும், வார் தொளதொளக்கும். மெல்லிய கம்பளியோடு வாரை இறுக்கிவிட்டு, மேலே போர்வை போர்த்துங்கள். வரிவரியான மண் சாலையில் அரை மணி நேரம் ஓடினால் எந்த வாரும் இளகும். டயரைப் பார்க்க நிறுத்துவீர்கள் அல்லவா, அப்போது இதையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

முன்சீட்டு மட்டுமே உள்ள ஒற்றைக் கேபின் பக்கிக்காரர்களுக்கு: ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் பின்நோக்கிய இருக்கையை வைக்கவே கூடாது. அணைக்கும் வசதி இல்லையென்றால் கைக்குழந்தையோடு அந்த வண்டியில் போகாதீர்கள். மைத்துனரின் காரைக் கேளுங்கள், கொடுப்பார். விபத்தில் சிக்கிய பழைய இருக்கையை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அன்று கூரைத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, இருக்கையை முதலில் பொருத்தினோம். நாற்பது நிமிடம் ஆனது, அதில் முப்பது நிமிடம் கேன்வாஸைக் கழற்றுவதில் போயிற்று. பையன் அழுதான்தான். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டதும் நின்றது.

யாருக்கேனும் சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை காலையில் எட்டு மணிக்குள் வாருங்கள், இதற்குக் காசு வாங்குவதில்லை. கையேட்டையும் குழந்தையையும் கொண்டுவாருங்கள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, வாரின் நீளம் பார்க்க என்னிடம் தலையணையைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.