கடையில் ஊதா, வீட்டில் சாம்பல்

"ஷேட் கார்டில் கத்தரிப்பூ மாதிரி இருந்தது. சுவரில் அடித்த பிறகு பகலில் வெறும் சாம்பல், ராத்திரியில் பழுப்பு. பெயிண்ட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?" என்று ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். மாற்றியிருக்கத் தேவையில்லை. ஊதாச்சாம்பலின் குணமே அதுதான்.

நம் கண்ணில் நீலம், பச்சை, சிவப்பு ஒளிக்கு மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு என்பது பள்ளிப் பாடம். மூன்றும் சமமாகத் தூண்டப்பட்டால் சாம்பல். பச்சை மட்டும் குறைந்தால் ஊதா.

கடையில் நிறம் கலக்கும் டிண்டிங் மெஷின், வெள்ளை அடிப்படைப் பெயிண்ட்டில் கொஞ்சம் கறுப்பும் சில சொட்டு வயலட்டும் விடுகிறது. காய்ந்த சுவர் தன்மேல் விழும் நீல ஒளியில் 40 சதவீதம், சிவப்பில் 39, பச்சையில் 35 திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விழுந்த அந்தச் சின்னப் பள்ளம்தான் நாம் காணும் மொத்த ஊதாவும். அடர்ந்த கத்தரிப்பூ நிறத்தில் இந்தப் பள்ளம் கிணறு. எந்த விளக்குக்கும் தூர்ந்து போகாது. ஊதாச்சாம்பலில் அது கடற்கரை மணலில் பதிந்த காலடி. ஒரு சின்ன அலை போதும்.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் நின்றால், இலை வழியே வரும் ஒளியில் பச்சை மிகுதி. பள்ளம் நிரம்பி, சுவர் உயிரற்ற சாம்பலாகிவிடும். ரெட் ஆக்சைடு தரையில் வெயில் விழுந்தால் அதே சுவரின் கீழ் இரண்டடி ரோஜாச் சாயல் காட்டும். 2700 கெல்வின் (ஒளியின் சாயலைச் சொல்லும் அளவு) மஞ்சள் பல்பில் நீலம் மிகக் குறைவு: பள்ளத்தின் ஒரு கரை இடிந்து, சுவர் பழுப்பாகும். மலிவான 6500 கெல்வின் எல்இடியில் நீலம் 450 நானோமீட்டர் பக்கம் ஊசிபோல் எழும்பும், ஆழ்ந்த சிவப்பு வற்றிக் கிடக்கும்: மறு கரை இடிந்து நீலச்சாம்பல். விளக்கின் சாயலை மூளை கழித்துப் பார்க்கத்தான் செய்கிறது. ராத்திரியிலும் வெள்ளை வேட்டி வெள்ளையாகத் தெரிவது அதனால். ஆனால் அந்தக் கழித்தல் முழுமையானதல்ல. மிஞ்சும் சிறு பிழையே இந்த நிறத்தைக் கவிழ்க்கப் போதும். 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. (விளக்கில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்ற அளவு) 90க்கு மேல் என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

வடக்கு அறையில் நேர் வெயில் வராது, நீல ஒளிதான் என்று அலங்காரக் குறிப்புகள் சொல்லும். அது ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் சரி. ராமநாதபுரம் இருப்பது சுமார் 9.4 பாகை வட அட்சத்தில். சித்திரை முதல் நாளை ஒட்டி நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. பிறகு ஆவணி நடு வரை வடக்கே சாய்ந்தே இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடாவைப் பார்த்த ஜன்னலில் அந்த மாதங்களில் காலையும் மாலையும் வெயில் உள்ளே விழும். தை மாதத்தில் அதே ஜன்னலில் வான்நீலம் மட்டும்.

ஆகவே 2 அடிக்கு 2 அடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஒவ்வொரு சுவரிலும் செங்குத்தாகச் சாய்த்து, காலை 8, நண்பகல், இரவு விளக்கு என மூன்று வேளையும் பாருங்கள். பழைய மஞ்சள் சுவரின் மேலேயே அடித்துப் பார்க்காதீர்கள். பக்கத்து மஞ்சள் ஊதாவை மிகையாக்கிக் காட்டும். 12க்கு 10 அறைக்கு, 10 அடி உயரத்தில், கதவு ஜன்னல் போக சுமார் 400 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 6 முதல் 7 லிட்டர். ஒரே தடவையில் வாங்கி, எல்லா டப்பாவையும் ஒரு வாளியில் கலந்துவிடுங்கள். மறு டிண்டிங்கில் அரைச் சொட்டு பிசகினாலும் சுவரில் கோடு தெரியும்.

சாம்பல் வீட்டுக்கு ஆகாது என்று வாஸ்து பேசிப் பயமுறுத்துவோர் உண்டு. ஆதாரமில்லாத பேச்சு அது. இந்தக் கரையில் பயப்பட வேண்டியது உப்புக்கு. உவர்நீரில் குழைத்த சிமென்ட் பூச்சில் தங்கிய உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையும். காய்ந்ததும் படிகமாகி பெயிண்ட்டை உள்ளிருந்து தள்ளும். அந்த வெண்பொடி எல்லா ஒளியையும் ஒரேபோலச் சிதறடிப்பதால், முதலில் மறைவது ஊதாதான். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். பெயிண்ட் கலக்கக் குடிநீர்தான், கிணற்று உவர்நீர் வேண்டாம்.

புதுச் சிமென்ட் பூச்சு 28 நாள் ஆறட்டும். பிறகு சுவரில் ஓரிடத்தை நனைத்து, மஞ்சள்தூள் கரைசலில் தோய்த்த வெள்ளைத் தாளை அழுத்துங்கள். தாள் செங்கல் சிவப்பானால் சிமென்ட்டின் காரம் (அல்கலி) இன்னும் வீரியமாக இருக்கிறது; இரண்டு வாரம் பொறுத்து மீண்டும் சோதித்து, அதன்பின் காரம் தாங்கும் பிரைமர் அடியுங்கள்.