மாகிஸ்: சேசு சபைக் கல்லூரி மைதானத்துச் சொல்

பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர், தொண்டி என்று கரையோர ஊர்களிலிருந்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் திருச்சி, பாளையங்கோட்டை, கருமாத்தூர் சேசு சபைக் கல்லூரிகளுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் காதில் விழும் புதுச் சொற்களில் ஒன்று ‘மாகிஸ்’. கேட்டால் ‘இன்னும் அதிகம்’ என்று பொருள் சொல்லிவிடுவார்கள். அந்தப் பொருள் பாதிதான் சரி. ஒரு சுற்று ஓடியவன் இரண்டு சுற்று ஓட வேண்டும், இரண்டு கோப்பை வாங்கியவர்கள் நான்கு வாங்க வேண்டும் என்று அதைப் பிடித்துக்கொண்டால், முதலில் கெடுவது பிள்ளைகளின் கால்.

வேர்

லத்தீனில் மாகிஸ் ஓர் ஒப்பீட்டு வினையடை. ‘மாக்னுஸ்’ என்றால் பெரிய. அதே வேரில் வந்த ‘மாயோர்’ என்றால் அதைவிடப் பெரிய, ‘மாக்ஸிமுஸ்’ என்றால் எல்லாவற்றிலும் பெரிய. மாகிஸ் இவற்றின் உறவுச் சொல். ‘அதைவிட’, ‘கூடுதலாக’ என்ற பொருள் தரும். லத்தீனின் பிள்ளைகளான ஸ்பானிய மொழியில் ‘மாஸ்’ என்றும் போர்ச்சுகீசிய மொழியில் ‘மாய்ஸ்’ என்றும் இன்றும் புழங்குகிறது.

இந்தச் சொல்லின் ஒரு கிளை நம் கரைக்கு எப்போதோ வந்துவிட்டது. மாகிஸ் என்பதிலிருந்து ‘மாகிஸ்தேர்’, அதாவது மேலாக நிற்பவர், ஆசிரியர். அது போர்ச்சுகீசிய வாயில் ‘மெஸ்த்ரெ’ ஆகி, தமிழில் மேஸ்திரி ஆனது. கட்டட வேலையில் தினமும் கூப்பிடும் மேஸ்திரிக்குள் மாகிஸ் இருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம் ‘மினுஸ்’, அதாவது குறைவாக. அதிலிருந்து ‘மினிஸ்தேர்’, பணியாள். ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்த மினிஸ்டர் அதுதான்.

சபைக்குள் வந்த வழி

சேசு சபை (ஜெசுவிட்) கத்தோலிக்கத் துறவியர் சபை. அதைத் தொடங்கியவர் புனித இஞ்ஞாசியார். ஸ்பெயின் நாட்டு பாஸ்க் பகுதிக்காரர். 1521-இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்தது. எலும்பு கோணலாகக் கூடியதால் மறுபடி உடைத்துக் கட்டினார்கள். பிறகும் துருத்திக்கொண்டிருந்த எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார், காலணி போட்டால் அழகாகத் தெரிய வேண்டும் என்று. மறு ஆண்டு மன்ரேசாவில் தவம் இருந்தபோது பட்டினியிலும் அதே வேகம். வயிறு கெட்டு வாழ்நாள் முழுக்கத் தொல்லைப்பட்டார். பின்னாளில் சபைக்குச் சட்டம் எழுதியபோது, உடலைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருப்பது தவறு, ஆனால் உடல்நலத்தையும் வலுவையும் காத்துக்கொள்வது பாராட்டத்தக்கது என்று எழுதி வைத்தார். அளவு மீறி உடலை வருத்தினால் என்ன ஆகும் என்று தன் வயிற்றிலேயே பார்த்தவர் எழுதியது இது.

அவருடைய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ 1548-இல் அச்சானது. அதன் முதல் குறிப்பே உலாவுவது, நடப்பது, ஓடுவது ஆகியவற்றை உடற்பயிற்சி என்று சொல்வதுபோல, மனத்தைச் சீர்படுத்தும் வழிகளை ஆன்மீகப் பயிற்சி என்கிறோம் என்று தொடங்குகிறது. மைதானத்துப் பேச்சு அவர் நூலிலேயே இருக்கிறது. தமிழிலும் இரண்டுக்கும் ‘பயிற்சி’ என்ற ஒரே சொல் அமைந்தது நமக்கு வசதி.

மாகிஸுக்கு அடிப்படையாகக் காட்டப்படும் வரி அந்நூலின் ‘முதற்கோட்பாடும் அடித்தளமும்’ பகுதியின் முடிவில் வருகிறது. நாம் படைக்கப்பட்ட நோக்கத்துக்கு எது கூடுதலாக நம்மைக் கொண்டு சேர்க்கிறதோ அதை மட்டுமே விரும்பி, அதையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது கருத்து. அவர் ஸ்பானிய மொழியில் எழுதிய ‘மாஸ்’ என்ற அடையைத்தான் பிற்காலத்தார் லத்தீனில் மாகிஸ் என்று பெயர்ச்சொல்லாக நிறுத்தினார்கள். அந்த வரியில் இரண்டு செய்தி உண்டு: நோக்கம் முதலில் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எது உதவும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நோக்கத்தை விட்டுவிட்டு ‘கூடுதல்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு வந்தது.

சபை 1540-இல் போப்பின் ஏற்பு பெற்றது. 1542-இல் சபைக் குரு சவேரியார் இந்தியா வந்து, தெற்கே முத்துக்குளித்துறைக் கரைக்கும் வந்துவிட்டார். 1549-இல் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் சபைக் குரு அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். சபையின் முதல் வேதசாட்சி அவர்தான். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் சபைக் குரு அருளானந்தர் தலை வெட்டப்பட்டது. அவர் பெயரில்தான் கருமாத்தூர்க் கல்லூரி இருக்கிறது. ஆக இந்தச் சொல்லுக்குரியவர்கள் இராமநாதபுரம் கரைக்குப் புதியவர்கள் அல்லர்.

மைதானத்தில் தெளிவாகப் படிந்த இடம்

அமெரிக்காவில் சேசு சபைக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் 27. கல்லூரி விளையாட்டு அங்கே பெரும் பணம் புரளும் தொழில். ஆகவே இந்தச் சொல்லுக்குச் சோதனையும் அங்கேதான் கடுமை. அவற்றில் ஒன்றான சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1951-இல் அதன் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடிய 9 ஆட்டங்களிலும் வென்றது. அணியில் ஆலி மேட்சன், பர்ல் டோலர் என்று இரண்டு கறுப்பின வீரர்கள். அவர்களை விட்டுவிட்டு வந்தால் பருவ இறுதிப் பெரும்போட்டிக்கு அழைப்பு உண்டு என்றார்கள். அணி மறுத்துவிட்டது. அந்தப் போட்டியில் ஆடியிருந்தால் புகழும் பணமும் கூடியிருக்கும். அந்தப் பருவத்தோடு பணமில்லாமல் கால்பந்தையே நிறுத்த வேண்டி வந்தது.

அதே பல்கலைக்கழகம் பில் ரஸ்ஸல் ஆடிய 1955, 1956 ஆண்டுகளில் கூடைப்பந்தில் தேசியப் பட்டம் வென்றிருந்தது. ஆதரவாளர்கள் விதியை மீறி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது திரும்பத் திரும்பத் தெரியவந்ததும், 1982-இல் தலைவராக இருந்த ஃபாதர் ஜான் லோ ஸ்கியாவோ கூடைப்பந்து அணியையே கலைத்தார். 1985-இல்தான் மறுபடி தொடங்கினார்கள். வெளியிலிருந்து யாரும் கலைக்கச் சொல்லவில்லை. மாகிஸ் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எங்களுக்குத் தெரிந்து விளையாட்டு வரலாற்றில் இல்லை.

இன்னொரு சேசு சபைப் பல்கலைக்கழகமான ஜார்ஜ்டவுனின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்ஸன் தன் அறையில் காற்றுப் போன கூடைப்பந்து ஒன்றை வைத்திருந்தார். பந்தில் காற்று இருக்கும் வரைதான் ஆட்டம், அதன்பிறகு உன் கையில் என்ன இருக்கிறது என்று வீரர்களைக் கேட்பதற்காக. 1984-இல் தேசியப் பட்டமும் வென்றார். அவரிடம் நான்கு ஆண்டு முழுதாக ஆடியவர்களில் ஏறக்குறைய எல்லாரும் டிகிரி வாங்கினார்கள். நம் பக்கத்தில் ஓ.டி. (ஆன் டியூட்டி) கையெழுத்தை வாங்கிக்கொண்டு வகுப்புப் பக்கமே போகாமல், மூன்றாம் ஆண்டு முடிவில் ஏழெட்டு அரியரோடு ஊர் திரும்பும் கபடி வீரர்களை நினைத்தால் அந்தப் பந்தின் அருமை தெரியும்.

‘அதிகம்’ என்று எடுத்தால் என்ன கெடும்

கரையோரப் பிள்ளை பெரும்பாலும் வெறுங்காலில் மணலில் ஓடிப் பழகியவன். உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி செலவாகும்; ஆனால் எலும்பில் ஏறும் அதிர்ச்சி குறைவு. அதனால் மூச்சும் தசையும் தயாராக இருக்கும், எலும்பு தயாராக இருக்காது. கல்லூரி கிரவுண்டில் ஷூ மாட்டியதும் மூச்சு வாங்காததால் ‘இன்னும் ஓடலாம்’ என்று தோன்றும். வாரம் 30 கிலோமீட்டர் என்பது இரண்டே வாரத்தில் 50 ஆகும். மூன்றாம் வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்பக்கம் வலிக்கும்.

வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவியிருந்து, உடம்பு சூடானதும் குறைந்தால், ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விரல் நுனியால் தொடும் ஒரே புள்ளியில் சுரீர் என்று வலித்து, இரவிலும் வலித்தால் அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். ‘எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையே’ என்று மறுபடி ஓடவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. குணமாக 6 முதல் 8 வாரம் ஆகும், ஒரு பருவமே போய்விடும். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டாமல், நான்காவது வாரம் குறைத்துக்கொண்டு போனால் பெரும்பாலோர் தப்பிக்கலாம். ஊரில் ஈரமணலில் ஓடுகிறவர்கள் போன வழியிலேயே திரும்ப வேண்டும். கரை ஒருபக்கம் சரிந்திருப்பதால், ஒரே திசையில் ஓடினால் ஒரு காலின் முழங்கால் வெளிப்பக்கம் பிடித்துக்கொள்ளும்.

தண்ணீரிலும் இதே கதை. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை காயாது. வழியும், உடம்பு குளிராது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் போதும். 60 கிலோ இருப்பவன் 1.2 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் ஆட்டம் தளரும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், சில மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். கபடியில் எடைப் பிரிவுக்குள் வருவதற்காகத் தண்ணீரையே நிறுத்தும் பழக்கம் உண்டு. அதைப் பார்த்தும் பார்க்காமல் இருக்கும் பயிற்சியாளர் மாகிஸ் பற்றிப் பேசத் தகுதியற்றவர்.

கூடவே வரும் இன்னொரு சொல்

‘கூரா பெர்சொனாலிஸ்’ மாகிஸுக்குத் துணைச் சொல். 1934-இல் சபைத் தலைவர் லெதோஹோவ்ஸ்கி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு எழுதிய நெறிமுறையில், மாணவர்களைத் தனித்தனியே கவனிப்பது என்ற பொருளில் வந்து, பிறகு நிலைத்தது. ‘ஆளறிந்து பேணுதல்’ என்பது எங்கள் தமிழ். மைதானத்தில் இது சில நேரான கேள்விகள்தான்: நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய்? விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது கடலுக்குப் போனாயா? இரவு முழுக்க வலை இழுத்துவிட்டுத் திங்கட்கிழமை வந்தவனுக்கு எடைப் பயிற்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது. அன்று அவனுக்குப் பந்துப் பழக்கம் மட்டும். கீழக்கரைப் பையன் நோன்பில் இருந்தால் பகலில் நுட்பப் பயிற்சி. கடினமான பகுதி நோன்பு திறந்து ஒன்றரை மணி நேரம் கழித்து. ஓட்டத்தில் திடீரென்று பின்தங்கும் பெண்ணுக்கு, திட்டுவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். 12-க்குக் கீழே என்றால் இரத்தசோகை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு உடம்பில் மிச்சம் இருக்கும், வீட்டில் காசு இருக்காது. பயிற்சி அட்டவணையும் சத்துணவுப் படியும் போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கோடு போட்ட நோட்டு

இஞ்ஞாசியாரின் நூலில், ஒரே ஒரு குறையைத் திருத்துவதற்கான தன்னாய்வு முறை உண்டு. விளையாட்டுக்கு அப்படியே பொருந்தும். வாரத்தின் ஏழு நாளுக்கும் நாளொன்றுக்கு இரண்டு கோடு. நாள் போகப் போகக் கோட்டின் நீளம் சுருங்கும், அந்தத் தவறும் அதேபோல் குறைய வேண்டும் என்பதற்காக. காலையில் எழுந்ததும் அந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மதிய உணவுக்குப் பின் ஒருமுறை, இரவு உணவுக்குப் பின் ஒருமுறை, எத்தனை தடவை தவறியதோ அத்தனை புள்ளி. நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். வாலிபால் ஆடுகிறவன் ‘சர்வீஸை எடுக்கும்போது முழங்கை மடங்குகிறது’ என்று ஒன்றை எடுத்துக்கொண்டு, காலைப் பயிற்சிக்கு மேல்கோடு, மாலைக்குக் கீழ்க்கோடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இது மூன்று வழியில் வீணாகும். ஒரே வாரத்தில் நான்கு குறையை எடுப்பது ஒன்று. சனிக்கிழமை உட்கார்ந்து மொத்த வாரத்துக்கும் புள்ளி வைப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் மோசம்: புள்ளியை எண்ணிப் பயிற்சியாளர் தண்டனைச் சுற்று கொடுப்பது. கொடுத்த மறுநாளே எல்லா நோட்டும் சுத்தமாகிவிடும், பொய்யால். நோட்டு மாணவனுடையது, அவன் காட்டினால் பார்க்கலாம்.

தமிழில் எப்படிச் சொல்வது

‘மிகை’ பொருந்தாது; தேவைக்கு மேல் என்ற வாடை அதில் இருக்கிறது. ‘மேன்மேலும்’ அளவைத்தான் சொல்கிறது, தேர்வைச் சொல்லவில்லை. ‘சிறப்பு’, ‘மேன்மை’ இரண்டும் நல்ல சொற்கள், ஆனால் ஒப்பீடு இல்லை. ‘மேலது’ கச்சிதம், ஆனால் ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் ‘முன்பு சொன்ன நூல்’ என்ற பொருளில் அது இடம்பிடித்துவிட்டது.

நம் பேச்சில் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘அதுக்கு இது எவ்வளவோ மேல்’ என்கிறோம். ‘மேல்’ அளவில் கூடியதாக இருக்கத் தேவையில்லை; சில நேரம் கம்மியாக இருப்பதே மேல். ஒப்பீடு, தேர்வு இரண்டும் அதற்குள் இருக்கின்றன. ஆகவே எழுத்தில் ‘மேலானதை நாடுதல்’ என்று ஆளலாம். மைதானத்தில் பிள்ளைகளிடம் ‘எது மேல்?’ என்று கேட்டால் போதும், லத்தீன் வேண்டாம்.

பழைய லத்தீன் உச்சரிப்பில் ‘மகிஸ்’, திருச்சபை லத்தீனில் ‘மாஜிஸ்’. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கேட்பது ‘மாகிஸ்’ என்பதால் அதையே எழுதலாம். ‘மேஜிக்’ என்பதோடு இதற்கு உறவில்லை. அது பாரசீகப் பூசாரிகளைக் குறித்த ‘மாகுஸ்’ வழி வந்த வேறு சொல்.